பத்து நாற்பதுக்குத் தூங்கியவள்

"கடியாரத்த ஏன்கா வரஞ்ச?"

படத்தின் மேல் போர்த்தியிருந்த பழைய வேட்டியை விலக்கியதும் அம்சா கேட்ட முதல் கேள்வி இது. கனகவல்லியும் நானும் வேறு என்னென்னவோ எதிர்பார்த்திருந்தோம். மூக்கு சரியில்லை என்பார், கறுப்பாகத் தீட்டிவிட்டாய் என்பார் என்று நினைத்தோம். அவரோ தன் முகத்தைப் பார்க்கவே இல்லை. படத்தின் வலது மேல் மூலையில் அவருடைய கண் நின்றிருந்தது. அங்கே தோசைத் தட்டு அளவில் ஒரு சுவர்க் கடிகாரம். மணி பத்து நாற்பது.

கும்மிடிப்பூண்டியில் மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அது. ஜன்னலைத் திறந்தால் தொழிற்பேட்டைத் தூசி வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும் என்று கனகவல்லி எல்லாவற்றையும் சாத்தி வைத்திருந்தார். அறை முழுக்கப் பெயிண்ட் வாசனை. அதற்குப் போட்டியாக அம்சா பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருந்த மசால்வடை.

தேதி என் நாட்குறிப்பில் இருக்கிறது. தேதி போடாமல் எழுத எனக்குக் கை வராது என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். (கவரைப்பேட்டையில் மாலை வண்டி வந்து நிற்கும் நேரத்தைப் போன வாரம் மூன்று நிமிடம் தள்ளி எழுதிவிட்டேன். சுட்டிக்காட்டிய வாசகருக்கு நன்றி. அவர் சொன்னதுதான் சரி.) ஆனாலும் இந்த வாரம் தேதி கிடையாது. அம்சா என்பதும் அவருடைய பெயரல்ல. கீழே வரும் கம்பெனிக் கோட்டுக் கலர்களையும் கொஞ்சம் கலைத்துப் போட்டிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்கள் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள்; அம்சாவும் வேலை மாறிவிட்டார். "இனிமே எழுதிக்கோ சார்" என்று அவரே சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.

"பத்து நாப்பதுன்னா ஷிப்ட் டைமுதான்க்கா," என்றார் அம்சா. "நான் நின்னுகினே தூங்கினது ஊருக்கே தெரியப் போவுது. அவ்ளோ தான். நாளைக்கி வராதன்னுடுவாங்க."

கனகவல்லி திரும்பி என்னைப் பார்த்தார். அந்தக் கடிகாரத்தை வரையச் சொன்னவன் நான்.

ஆடிட்டரா நீங்கள்?

கனகவல்லியை எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தொழிற்பேட்டையில் ஒரு குழாய்க் கம்பெனியின் டைம் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார் என்று குறிப்பதுதான் வேலை. மிச்ச நேரத்தில் படிப்பேன். கையில் பென்சில் இல்லாமல் படிக்கத் தெரியாது. நாவலில் ஆடி மாதம் கல்யாணம் நடந்தால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. கதாநாயகி பதினோரு மாதம் கர்ப்பமாக இருந்தால் இரண்டு கேள்விக்குறி.

கனகவல்லி திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கல்யாணமாகிக் கும்மிடிப்பூண்டி வந்தவர். அவருடைய முதல் இரண்டு நாவல்களையும் நூலகத்தில் எடுத்துப் படித்தேன். கதை நன்றாக இருந்தது, மாதக் கணக்கும் சரியாக இருந்தது. ஆனால் ஒன்று உறுத்தியது. பதிப்பகத்தின் முகவரிக்கு ஒரு கடிதம் போட்டேன்.

"அம்மையீர், உங்கள் இரண்டு நாவல்களிலும் பெண்கள் மொத்தம் பதினேழு இடங்களில் ஜன்னலோரம் நின்று வெளியே பார்க்கிறார்கள். பக்க எண்களை இணைத்துள்ளேன். அவர்களுக்கு வேறு வேலை இல்லையா?"

பத்து நாள் கழித்து ஒரு போன் வந்தது.

"நீங்க யாரு, ஆடிட்டரா?"

"இல்லம்மா, டைம் ஆபீசு."

"பதினேழு இல்ல சார், பதினெட்டு. ரெண்டாவது புஸ்தகத்துல கடைசிக்கு முந்தின பக்கத்தை விட்டுட்டேள்."

இப்படித்தான் பழக்கம். அதற்குப் பிறகு அவர் கையெழுத்துப் பிரதிகள் அச்சுக்குப் போகும்முன் என்னிடம் வரத் தொடங்கின. நான் நாள், கிழமை, பௌர்ணமி எல்லாம் சரிபார்த்துக் கொடுப்பேன். சம்பளம், ஒரு டம்ளர் காபி. டிகாக்‌ஷன் கெட்டியாக இருக்கும். குறை சொல்ல முடியாது.

ஒரே கழுத்து

அந்தப் பதினெட்டு ஜன்னல்கள் கனகவல்லியைத் தூங்கவிடவில்லையாம். ஒரு நாள் ஸ்டேஷனரிக் கடையில் அக்ரிலிக் பெயிண்டும் பிரஷ்களும் வாங்கி வந்து, தன் நாவல்களில் வரும் பெண்களை ஒவ்வொருவராக வரைய உட்கார்ந்திருக்கிறார். பள்ளியில் பரிசு வாங்கிய கை. ஐந்து பெண்களை வரைந்து வரிசையாகச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

போய்ப் பார்த்தேன். ஒருத்தி டீச்சர், ஒருத்தி விதவை, ஒருத்தி வீட்டு வேலை செய்பவர். புடவை வேறு, வயது வேறு. ஆனால் ஐந்து பேருக்கும் தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. கழுத்து கொஞ்சம் நீளம். கண் தரையில்.

"எல்லாரும் அக்கா தங்கச்சிங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"அதான் நானும் பாத்துண்டிருக்கேன்," என்றார். "எழுதறச்சே தெரியலை. வார்த்தையில ஏமாத்திடலாம் போலிருக்கு. வரைஞ்சா மாட்டிக்கறோம்."

அவருக்குக் கோபம் வந்தால் வேலை வேகமாக நடக்கும். இந்தக் கழுத்து எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினார். காலண்டரில் இருக்கும் லட்சுமியைப் பார்த்து வரைந்தார். மஞ்சள் நீராட்டு ஃப்ளெக்ஸில் கன்னத்தில் விரல் வைத்து நிற்கும் பெண்ணை வரைந்தார். கல்யாண ஆல்பத்தில் தலைகுனிந்த மணப்பெண்ணை வரைந்தார். எங்கள் கம்பெனி வாசலில் ஒரு பாதுகாப்பு போர்டு உண்டு. கதவருகே குழந்தையோடு ஒரு பெண் நிற்பாள். கீழே "உங்களுக்காக வீட்டில் காத்திருக்கிறார்கள்" என்று எழுதியிருக்கும். நான் சொல்லித்தான் அது அவருக்குத் தெரியும். அதையும் வரைந்தார். எல்லாவற்றிலும் அதே சாய்வு, அதே கழுத்து.

அடுத்து அவர் கண்டுபிடித்த வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் இன்னொரு படம் வரைந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் "அடுத்த நிமிஷம்". போட்டோக்காரர் நகர்ந்த அடுத்த நிமிஷம் மணப்பெண் கொண்டையில் குத்தும் ஊசியைப் பிடுங்குகிறாள், முகம் கோணலாக இருக்கிறது. ஃப்ளெக்ஸ் பெண் பட்டுப் பாவாடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஐஸ்கிரீம் தின்கிறாள். பாதுகாப்பு போர்டில் காத்திருந்தவள் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கதவைப் பூட்டுகிறாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்குகிறது. அவளுக்கும் ஷிப்ட்.

அந்தப் போர்டைக் கடந்து எத்தனை வருஷம் உள்ளே போயிருக்கிறேன்! அவளுக்கும் ஷிப்ட் இருக்கும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. காலை ஷிப்ட்டில் எங்கள் கம்பெனியிலேயே பெண்கள் இருந்தார்கள். அவர்கள் வந்த நேரத்தைக் குறித்தவனே நான்தான்.

அவர் தொடங்கியிருந்த மூன்றாவது நாவலும் படங்களின் வழியாகவே வளர்ந்தது. ஒரு பெண்ணை நான்கு தினுசில் வரைந்து பார்த்துவிட்டுத்தான் அவளைப் பற்றி ஒரு வரி எழுதுவார். "இவ எப்படி உக்காருவான்னு தெரியாம இவளை எப்படிப் பேச வைக்கறது?" என்பார். ஜன்னலை மட்டும் எந்தப் படத்திலும் சேர்க்கவில்லை. பழிவாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தாயார் படுப்பதில்லை

இடையில் ஒரு சின்ன விஷயம். திருவள்ளூர்ப் பெருமாள் சயனத்தில் இருப்பவர் என்பது எல்லோருக்கும் தெரியும். கனகவல்லி பாவாடை கட்டிய வயதில் அப்பாவோடு சந்நிதிக்குப் போய், இங்கே பெருமாள் நீட்டிப் படுத்திருக்கிறாரே, தாயார் மட்டும் ஏன் உட்கார்ந்தே இருக்கிறார் என்று கேட்டிருக்கிறார். அப்பா சிரித்துவிட்டு, போய்த் தீர்த்தம் வாங்கிக்கொள் என்றாராம்.

"குத்தமா சொல்லலை சார்," என்றார் என்னிடம். "சேவிக்கறச்சே இப்பவும் எனக்கு ரெண்டு பேரும் வேணும். ஆனா யோசிச்சுப் பாருங்கோ. தூங்கற பொம்மனாட்டியோட படம் நம்மாத்துல எங்கேயாவது மாட்டியிருக்கோமா? எங்கம்மா தூங்கி நான் பாத்ததே இல்ல. நான் முழிச்சுக்கறப்போ அவ முழிச்சுண்டிருப்பா. நான் தூங்கறப்போவும் முழிச்சுண்டிருப்பா."

அந்தப் பேச்சு நடந்து இரண்டு மாதம் இருக்கும். தொழிலாளர்கள் நீலக் கோட்டுப் போடும் கம்பெனி ஒன்றிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. மகளிர் தினம். கோலப்போட்டிக்குப் பரிசு கொடுக்க வேண்டும். ஒரு பெண் எழுத்தாளர் வேண்டும், உள்ளூரில் இருந்தால் நல்லது.

"பரிசு கொடுத்ததும் உள்ளே சுத்திக் காட்டுவாங்க," என்று நான் சொல்லி அனுப்பினேன். "எதைப் பாத்தாலும் மணி என்னன்னு பாத்து வெச்சிக்குங்க. பின்னால நாவல்ல தப்பு வராது."

கண்ணாடிக்கு அப்பால்

சுற்றிக் காட்டினார்கள். ஹெச்.ஆர். மேனேஜரே கூட வந்தார். மரியாதையான மனிதர், நல்ல படிப்பாளி என்று கனகவல்லி சொன்னார். ஒரு நீளமான கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேக்கிங் லைன். தொப்பி, முகக்கவசம், நீலக் கோட்டு போட்ட பெண்கள் நின்றபடி அட்டைப்பெட்டிகளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மேனேஜருக்குப் போன் வந்தது. அவர் இரண்டடி தள்ளிப் போய்ப் பேசினார்.

அப்போதுதான் பார்த்திருக்கிறார். லைனின் கோடியில் ஒரு பெண், அடுக்கி வைத்த பெட்டிகளில் தோளைச் சாய்த்து, கையில் டேப் ஒட்டும் கருவியைப் பிடித்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருந்தது. வாய் திறந்திருந்தது. அவருக்குப் பக்கத்தில் நின்ற பெண் தன் பெட்டியையும் அவருடைய பெட்டியையும் சேர்த்து ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷமோ ஒன்றரை நிமிஷமோ. பக்கத்துப் பெண் கருவியால் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினார். தூங்கியவர் கண் திறந்தார், கவசத்தை ஏற்றிக்கொண்டார், கை தானாக ஓடத் தொடங்கிவிட்டது. அடுத்து, தட்டி எழுப்பிய பெண் சாய்ந்துகொண்டார். இப்போது இவர் அவருடைய பெட்டியை ஒட்டினார்.

மேனேஜர் திரும்பி வந்தபோது கனகவல்லி மேலே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை மறக்காமல் மணி பார்த்திருக்கிறார். பத்து நாற்பது.

அந்த முகத்தைத் தேடி ஒரு வாரம் மாலை வேளைகளில் பைபாஸ் பஸ் ஸ்டாப்பில் நின்றார். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறாவது நாள் ஒருவரைக் கண்டுபிடித்து நேராகப் போய்க் கேட்டிருக்கிறார்:

"மன்னிச்சுக்கோங்கோ, நீங்க வாயைத் திறந்துண்டு தூங்குவேளா?"

"இன்னா மேடம், எங்க ஊட்டுக்காரு சொல்லி அனுப்சாரா?"

அவர்தான் அம்சா. ஆரம்பாக்கம் பக்கம். காலையில் நாலரைக்கு எழுந்து நாஷ்டா கட்டி, ஐந்தரைக்குப் பஸ் பிடிப்பவர். காண்டிராக்டில் நாலு வருஷமாக அதே லைன். மகள் நர்சிங் கடைசி வருஷம். அந்தப் படிப்பு இவருடைய வேலையில்தான் நடந்தது. மேடம் என்பது இரண்டு வாரத்தில் அக்கா ஆனது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்காருவார். கனகவல்லி முகத்தை மட்டும் பார்த்துப் பார்த்து வரைந்துகொள்வார். படத்தை முடிக்கும்வரை காட்டுவதில்லை என்பது கனகவல்லியின் வழக்கம். புத்தகத்தின் அட்டையில் வரப்போகிறது என்று மட்டும் சொல்லியிருந்தார். அம்சா, தலையில் பூ வைத்த மாதிரி வரைகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

எந்தக் கலரும் காலி இல்லை

ஆக அந்த ஞாயிற்றுக்கிழமை நிலைமை இதுதான். நாவல் அச்சுக்குத் தயார். புதன்கிழமைக்குள் அட்டைப் படம் போய்ச் சேர வேண்டும். பொன்னேரியில் ஒரு மண்டபத்தில் வெளியீடும், படங்களின் கண்காட்சியும். அழைப்பிதழ் எல்லோருக்கும் போய்விட்டது. மகளிர் தினத்துக்கு அழைத்த மரியாதைக்காக ஹெச்.ஆர். மேனேஜருக்கும் போய்விட்டது. அவசியம் வருகிறேன் என்று அவர் பதிலும் போட்டுவிட்டார்.

கனகவல்லி பிரஷ்ஷை எடுத்தார். "இந்தப் படமே வேண்டாம் அம்சா. அட்டைக்கு வேற போட்டுக்கறேன். இதை உங்க முன்னாடியே அழிச்சுடறேன்."

"ஐயே, அழிக்காத," என்றார் அம்சா. இப்போதுதான் முகத்தைப் பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். "இப்டியா தூங்கறேன் நானு? வாயில லாரி போவும் போல கீது." இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். பிறகு, "நல்லா தான் கீது. யாரும் என்ன இப்டி உத்துப் பாத்ததில்லக்கா."

"அப்போ முகத்தை மட்டும் மாத்தட்டுமா? வேற யாரோ மாதிரி?"

"மூஞ்சில இன்னா கீது? அவங்களுக்கு எங்க மூஞ்சியே தெரியாது. மாஸ்க்குக்கு மேல கண்ணு, கோட்டு, கோட்டுல நம்பரு. அதான் நானு. மூஞ்சி இருக்கட்டும். கோட்டும் கடியாரமும் தான் பேஜாரு."

குற்றவாளி நான்தான் என்பதால் நான் வாயைத் திறந்தேன். "கடிகாரத்துல பன்னெண்டு நாப்பதுன்னு மாத்திடலாமே. லஞ்ச் டைம். யாரும் கேக்க முடியாது."

அம்சா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், நீ கம்பெனில தான வேல பாத்த? லஞ்ச் அர அவரு. கேண்டீன் க்யூ, பாத்ரூம் க்யூ, அதுக்கு நடுவுல துன்னணும். லஞ்ச்ல எவ தூங்குவா? அப்டியே தூங்கினாலும் கால நீட்டிக்கினு நிம்மதியா தூங்குவோம். மூஞ்சி இப்டி இருக்காது. இது திருட்டுத் தூக்கம். பாரு, ஒரு காது முழிச்சிக்கினு கீது."

உண்மைதான். படத்தில் தலை முழுக்கச் சாய்ந்திருந்தாலும் தொப்பிக்கு வெளியே தெரிந்த ஒரு காதில் ஏதோ விறைப்பு இருந்தது. கனகவல்லி அதை அறிந்து வரைந்தாரோ, தானாக வந்ததோ தெரியாது. அவர் மெல்லப் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். "பணி நேரத்தில் உறங்கியது" என்ற மெமோக்களை நானே டைப் அடித்திருக்கிறேன். நேரம் நிமிஷ சுத்தமாக இருக்கும்.

"கடிகாரம் அப்படியே இருக்கட்டும்," என்றார் கனகவல்லி. "கோட்டோட கலரை மாத்தினா?"

"மாத்து. பச்ச போடு."

"பச்சை, மெயின் ரோட்டுல இருக்கற மருந்துக் கம்பெனி," என்றேன். இந்த விஷயத்தில் என் ஞாபகத்தை யாரும் அசைக்க முடியாது.

"ஐயோ, அங்க எங்க நாத்தனார் பொண்ணு கீது. அவ வேலைக்கு வேட்டு வெக்காத. சாம்பல் கலரு?"

"சாம்பல், பேட்டரிக் கம்பெனி."

"மெரூனு?"

"பிஸ்கட்."

"ஆரஞ்சு?"

"ஆரஞ்சு ரெண்டு கம்பெனி. கவரைப்பேட்டைல ஒண்ணு, இங்க ஒண்ணு."

கனகவல்லி பெயிண்ட் டியூப்களை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். மஞ்சள், ரோஸ், ஊதா. எதை எடுத்தாலும் எங்கோ ஒரு லைனில் ஒரு பெண் அதைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். இவருக்குப் பதில் அவருக்கு வேலை போகும், அவ்வளவுதான் வித்தியாசம். மசால்வடை ஆறிப்போயிருந்தது. மூன்று பேரும் அதைத் தின்றுகொண்டே தொழிற்பேட்டை முழுக்கச் சுற்றி வந்தோம்.

"எந்தக் கலரும் காலி இல்ல போலிருக்கே," என்று கனகவல்லி கடைசி டியூப்பை மேஜையில் போட்டார். அது வெள்ளை.

அம்சா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் வடை. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். புரையேறித் தண்ணீர் குடித்து மறுபடி சிரித்தார்.

"வெள்ள போடுக்கா! வெள்ளக் கோட்டு ஆபீசருங்களுது. எல்லாக் கம்பெனிலயும் வெள்ள ஆபீசரு தான். நான் தூங்கினா திருட்டு. அவங்க தூங்கினா டயர்டு. எவன் வந்து கேப்பான்?"

நான் யோசித்துப் பார்த்தேன். ஒரு வெள்ளைக் கோட்டு மேல் மெமோ அடித்த ஞாபகம் எனக்கு இல்லவே இல்லை.

அன்று சாயங்காலத்துக்குள் நீலம் போய்விட்டது. நம்பர் இருந்த இடத்தில் ஒரு பாக்கெட், அதில் இரண்டு பேனா. தொப்பியும் வெள்ளையானது. பேனா அம்சாவின் யோசனை. "ரெண்டு போடு. ஒண்ணு செவப்பு மை. அப்ப தான் பெரிய ஆபீசரு." கையில் இருந்த டேப் கருவியை மட்டும் மாற்ற வேண்டாம் என்றார் கனகவல்லி. அதை மாற்றினால் அந்தக் கைவிரல்கள் பொய்யாகிவிடுமாம். ஆபீசர் கையில் டேப் கருவி எதற்கு என்று நான் கேட்டேன். "செக் பண்றாரு சார், செக்கு," என்றார் அம்சா.

வீட்டுக்குப் போகும்போது மட்டும் அவர் சிரிப்பு நின்றிருந்தது. கேட்டைத் திறந்தவர் திரும்பி, "அந்த ஹெச்.ஆர். சாரு வருவாரு தானக்கா?" என்றார்.

"வருவார். நீங்க வராம இருந்துடுங்கோளேன்."

"என் படத்த மாட்டி வெச்சிட்டு நான் வராம இருப்பனா? வரேன். இன்னா ஆவுதோ ஆவட்டும்."

பொன்னேரியில்

மண்டபத்தில் நல்ல கூட்டம். எழுபது பேர் இருக்கலாம். (எழுபத்து மூன்று.) சுவர் ஓரமாகப் பன்னிரண்டு படங்கள். மணப்பெண்ணின் கொண்டை ஊசிப் படத்துக்கு முன்னால் பெண்கள் நின்று நின்று சிரித்துப் போனார்கள். தூங்கும் வெள்ளைக் கோட்டுப் படம் நடுவில், பெரியதாக.

அம்சா கத்தரிப்பூக் கலர்ப் பட்டுப் புடவையில் வந்திருந்தார். தலை நிறைய மல்லிகை. தொப்பியும் கவசமும் இல்லாத அவரை நான் பல முறை பார்த்தவன், எனக்கே ஒரு கணம் யார் என்று தெரியவில்லை. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அதோ," என்றார்.

ஹெச்.ஆர். மேனேஜர் வந்துவிட்டார். கனகவல்லிக்குக் கைகூப்பிவிட்டு, ஒவ்வொரு படமாக நின்று நிதானமாகப் பார்த்தபடி வந்தார். நடுப் படத்துக்கு முன்னால் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும், முப்பது வருஷம் நானும் அப்படித்தான் பார்த்தேன். அம்சா கை துடைப்பதை நிறுத்தினார்.

"மேடம், இது ரொம்ப டச்சிங்கா இருக்கு," என்றார் கனகவல்லியிடம். "ஆபீசர்ஸ் படற ஸ்ட்ரெஸ்ஸை யாருமே எழுதறதில்லை. காலைல பத்தே முக்காலுக்குள்ள இப்படி அசந்துட்டாங்கன்னா, பாவம், முதல் நாள் எவ்வளவு நேரம் வேலை பார்த்தாங்களோ!"

"ஆமா சார், நெறைய வேலை," என்றார் கனகவல்லி.

அம்சாவின் தோள் இறங்கியது. வேலை பிழைத்தது. எழுந்து காபி வாங்கப் போவார் என்று நினைத்தேன். எழுந்தார், ஆனால் நேராக மேனேஜரிடம் போனார். போனை நீட்டினார்.

"சார், ஒரு போட்டோ புடிச்சித் தர்றீங்களா? இந்தப் படத்தாண்ட நிக்கறேன்."

கனகவல்லி என்னைப் பார்த்தார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஓ, தாராளமா," என்றார் மேனேஜர். அம்சா படத்தின் பக்கத்தில் நின்றார். இரண்டு முகமும் ஒரே உயரத்தில், ஒரு சாண் இடைவெளியில். "கொஞ்சம் லெஃப்ட்ல வாங்க மேடம். அவங்க முகத்தை மறைக்கறீங்க. ம், சரி. சிரிங்க. இன்னொண்ணு, சேஃப்டிக்கு." எடுத்ததைத் தானே ஒரு முறை பார்த்து, "நல்லா வந்திருக்கு," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

மேடம் என்ற அந்த வார்த்தையில்தான் அம்சாவுக்குச் சிரிப்பு பீறிட்டிருக்க வேண்டும். அடக்க முடியாமல் புடவைத் தலைப்பை இழுத்து மூக்கையும் வாயையும் சேர்த்து மூடிக்கொண்டார். கண் மட்டும் வெளியே தெரிந்தது.

நகரத் தொடங்கிய மேனேஜர் நின்றார். புருவம் சுருங்கியது. அந்தக் கண்களையே பார்த்தார்.

"ஒரு நிமிஷம். உங்கள எங்கயோ பார்த்திருக்கேனே? டெய்லி பார்க்கற மாதிரி இருக்கு."

அம்சா தலைப்பைக் கீழே இறக்கினார். முழு முகத்தையும் அவருக்கு நேராகத் திருப்பி, அவசரப்படாமல் காட்டினார்.

மேனேஜர் அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சங்கடமாகச் சிரித்தார்.

"சாரி மேடம், வேற யாரோன்னு நினைச்சுட்டேன்," என்று சொல்லிவிட்டுக் காபி இருந்த பக்கம் போனார்.